பருவம் பார்த்து வரும் கப்பல்

2022 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்டபோது முதலமைச்சரே கொடியசைத்து வழியனுப்பினார். சென்னைக்கு நற்காலம் பிறந்ததெனப் பலரும் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆயினும், அக்கப்பல் ஏன் ஜூனில் வந்தது என வினவியோர் சிலரே.

விடை காற்றில் இருக்கிறது. மும்பையைத் தளமாகக் கொண்டு கோவா, இலட்சத்தீவு, கொச்சி எனச் சென்றுவரும் கலம் அது. ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. அப்போது நிலத்தின் மறைவில் கிடக்கும் சோழமண்டலக் கரை ஓரளவு அமைதியாயிருக்கும். ஆகவே கப்பல் இங்கு வந்தது. மேற்கே கடல் கெட்டமையால் கிழக்கே வந்த விருந்தினர் என்பதே பொருந்தும்.

இக்கணக்கு தமிழர்க்குப் புதிதன்று. கிழக்கினின்று வருவதைக் கொண்டல் என்றும், தெற்கினின்று வருவதைத் தென்றல் என்றும், மேற்கினின்று வருவதைக் கோடை என்றும், வடக்கினின்று வருவதை வாடை என்றும் பெயரிட்டுப் பிரித்தறிந்தவர் நம் முன்னோர். நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் மரக்கலராயர்கள் காற்றறிந்து பாய்விரித்து, அது மாறுங்காறும் அயற்கரையில் தங்கித் திரும்பினர். கடலைக் காணாத நம் கீழ்க்கட்டளையிலும் இக்கணக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையே நம் ஏரியை நிரப்பி, நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைக்கு உபரிநீரை அனுப்புகிறது. அதே பருவத்தின் புயல்கள் வங்கக்கடலைப் பயணத்திற்கு ஒவ்வாததாக்குகின்றன. அதற்குள் சொகுசுக் கப்பல் மும்பைக்குத் திரும்பியிருக்கும்.

உலகெங்கும் இதே வழக்குதான். கோடையில் அலாஸ்காவிலும் மத்தியதரைக் கடலிலும் உலவும் கலங்கள் பல குளிர்காலத்தில் கரீபியனுக்குப் பெயர்கின்றன. நிறுவனங்கள் ஓராண்டு, ஈராண்டு முன்னரே தடத்தை வகுத்துத் துறைமுகத்தில் இடம் பதிவு செய்கின்றன. ஓரிரவில் எட்டத்தக்க துறைகள் உண்டா, விமான நிலையம் அருகிலுள்ளதா, பள்ளி விடுமுறை எப்போது, கட்டணம் எவ்வளவு என்பனவெல்லாம் ஆராயப்படும். கப்பலில் நிகழும் சூதாட்டத்தை உள்ளூர்ச் சட்டமும் மக்களும் ஏற்பரா என்பதும் அவற்றுள் ஒன்று. 2022 இல் புதுச்சேரியில் எதிர்ப்பெழுந்து, அங்குப் பயணிகள் கரையிறங்க இசைவு கிட்டவில்லை. அவ்வெதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே எம் கருத்து. போரும் தடத்தை மாற்றும். 2023 இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பயணங்கள் பல கைவிடப்பட்டன, சில கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன.

இவ்வாறு இலாபமும் காற்றும் காட்டும் திசையில் செல்வது நிறுவனத்தின் குற்றமன்று. நாம் எதை நம்பியிருப்பது என்பதே கேள்வி. 2023 ஜூனில் அதே 'எம்பிரஸ்' சென்னையினின்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை சென்றது. ஏறியவர் உலாச் செல்வோர். புறப்பட்ட துறைக்கே மீள்வோர். யாழ்ப்பாணத்தில் உறவினரைக் காண விழைவார்க்கு அது பயன்படுவதன்று.

முற்காலக் கப்பல்கள் வேறு. 1926 இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. உழைக்கச் சென்றவரும் வணிகரும் தளத்தில் பாய்விரித்துப் படுத்துச் சென்றனர். அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985 இல் உயிர்ப்பலி கொண்ட தீவிபத்திற்குள்ளாகி, அத்துடன் அப்போக்குவரத்தும் நின்றது.

அம்மரபில் இன்று எஞ்சியிருப்பது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலே. 2023 அக்டோபர் 14 இல் தொடங்கப்பெற்று, பருவமழை நெருங்கியமையால் ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டது. வாடைக்கு முன்பாகவா தொடங்குவது? மரக்கலராயர் எவரும் அக்டோபரில் அந்நாளைக் குறித்திரார்! 2024 ஆகஸ்டில் அது மீண்டும் ஓடலாயிற்று. இதுவும் காற்றுக்கு அஞ்சும் கப்பல்தான். எனினும் காற்று ஓய்ந்தபின் வேறு கடல் தேடாது, அதே இரு துறைகளுக்கு மீள்வது. கொடியசைப்பும் அரசின் கவனமும் இதற்கே முதலில் உரியன.

சொகுசுக் கப்பலார் நெடுநாள் முன்னரே தடத்தை அறிவிப்பது போல, நாகைக் கப்பலின் நாள்களும், அது நிறுத்தப்படும் திங்களும், மீளும் திங்களும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையாக வெளிவருதல் வேண்டும். இருகரைக் குடும்பங்கள் திருமணத்திற்கு நாள் குறிக்கையில் அதனை எடுத்துப் பார்த்துக்கொள்வர்.