இடிக்கும் முன்னே படி எடுங்கள்!

திருமழபாடிக்குப் போயிருக்கிறீர்களா?

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. வைத்தியநாத சுவாமி கோயில் கொண்ட ஊர். "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்பார்களே, அந்தக் கல்யாணம் நடப்பது இங்கேதான். பங்குனி மாதத்தில் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை நந்தி புறப்பட்டு வருவார். கல்யாணம் ஆகாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றவர்களும் வருவார்கள். ஊர் கொள்ளாத கூட்டம்!

கல்யாணம் என்றால் வளையல் கடை இல்லாமல் இருக்குமா? ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒரு வளையல் கடை முன்னே நின்றேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். தலையில் வெள்ளைத் தொப்பி. வருஷம் தவறாமல் நந்தி கல்யாணத்துக்குக் கடை போடுகிறவராம். பேத்திக்குக் கண்ணாடி வளையல் பொறுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"இந்தக் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, தெரியுமா பாய்?"

"நாப்பது வருசமா வர்றேங்க ஐயா. வெளியிலேயே வியாபாரம் முடிஞ்சுடும். கல்வெட்டை எங்கே பார்த்தேன்? நீங்க சொல்லுங்க, கேக்குறேன்" என்றார்.

சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

சோழன் போட்ட உத்தரவு

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராஜராஜ சோழன், தன்னுடைய 28-ஆம் ஆட்சியாண்டில் இந்தத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். பழைய சுவர் முழுவதும் கல்வெட்டுகள். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், யார் விளக்கு வைத்தார் என்கிற கணக்கெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது. சுவர் போனால் கணக்கும் போய்விடும் அல்லவா?

மன்னன் என்ன செய்தான் தெரியுமா? சுவரில் கை வைப்பதற்கு முன்னால், கல்வெட்டுகள் அத்தனையையும் புத்தகத்தில் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டான். அப்படியே எழுதி எடுத்தார்கள். பிறகுதான் பிரித்தார்கள். புதுக் கோயில் எழுந்தது. மகன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டி வைத்தார்கள். இவ்வளவையும் அந்தச் சுவரே சொல்லுகிறது.

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னே! போட்டோ கிடையாது. நகல் எடுக்கும் யந்திரம் கிடையாது. ஆனாலும் "பழசை எழுதி வைத்துக்கொண்டு புதுசைக் கட்டு" என்கிற புத்தி இருந்தது.

பெரியவர் வளையலைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"எங்க ஊர்ப் பள்ளிவாசல்லயும் ஒரு கல்லு இருந்துச்சுங்க. வாசல் நிலைக்கு மேலே. அத்தா என்னைத் தூக்கிப் பிடிச்சு அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாங்க. இடம் பத்தலைன்னு பழைய பள்ளியை இடிச்சுப் பெரிசாக் கட்டினோம். நானும்தான் பணம் கொடுத்தேன். கல்லு எங்கே போச்சுன்னு தெரியல. அஸ்திவாரத்துல போட்டுட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றார். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னும் யாருக்கும் தெரியாது. மலேசியாவுலேருந்து என் அண்ணனோட பேரப்பிள்ளைங்க வந்து, 'நம்ம பாட்டனார் தொழுத பள்ளி எது?'ன்னு கேட்டாங்க. புதுப் பளிங்குத் தரையைக் காட்டினேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்க என்ன இருக்கிறது?

"முஸ்லிம் யாத்ரீகர்கள் பார்க்கத் தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது? நாகூர் இருக்கிறது, ஏர்வாடி இருக்கிறது" என்று இரண்டு பெயரோடு நிறுத்திவிடுகிறோம். உண்மை அப்படியா?

திருமழபாடியிலிருந்து மேற்கே போனால் திருச்சி. அங்கே கோட்டை ரயில் நிலையத்தின் அருகே சின்னஞ்சிறு கல் பள்ளி ஒன்று இருக்கிறது. கல்தூண்களும் கல் கூரையுமாகக் கோயில் மண்டபம் போலவே தோன்றும். அதில் உள்ள அரபுக் கல்வெட்டைப் படித்தவர்கள் ஹிஜ்ரி 116 என்கிறார்கள். ஆங்கில வருஷக் கணக்கில் 734. நபிகள் நாயகம் மறைந்து சுமார் நூறே வருஷம்! அவ்வளவு பழைய காலத்தின் பெயரைச் சொல்லும் பள்ளி, ரயில் ஏறப் போகிறவர்கள் கூடத் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறது.

அதே திருச்சியில் நத்தர்வலி தர்கா இருக்கிறது. எல்லா மதத்தாரும் போகிற இடம். நாயக்க இராணி மங்கம்மாள் இந்தத் தர்காவுக்கு நிலம் கொடுத்திருக்கிறாள். அங்கே ஒரு விசித்திரமும் உண்டு. ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் பல வருஷம் சண்டை போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சண்டைகளில் ஒன்று 1751-இல் நம்முடைய பெரம்பலூர்ப் பக்கம், வாலிகண்டபுரத்துக்கு அருகே, இரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் நடந்தது. ஒருவர் பக்கம் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பக்கம் ஆங்கிலேயர். மறு வருஷமே சந்தா சாகிபு கொல்லப்பட்டார். முகமது அலி 1795 வரை இருந்தார். இருவருடைய சமாதியும் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டும் நத்தர்வலி தர்காவிலேதான்! உயிரோடு இருந்தபோது ஒரு நாட்டில் சேர்ந்திருக்க முடியாதவர்கள், ஒரு வளாகத்துக்குள் உறங்குகிறார்கள்.

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் இரஞ்சன்குடிக் கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். "ஏதோ கோட்டை" என்கிறார்கள். பஸ் போய்விடுகிறது.

நாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். தர்காவின் ஐந்து மனோராக்களில் மிகப் பெரியது 131 அடி உயரம். அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரிக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்காவது இது தெரியுமா? சென்னையில் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல், 1795-இல் கருங்கல்லால் கட்டியது. மரமும் இரும்பும் சேர்க்காத கட்டடம் என்பார்கள். அதில் வருஷத்தைக் குறிக்கும்படி பாரசீக மொழியில் ஒரு வாசகம் வெட்டியிருக்கிறது. அதை எழுதியவர் நவாபிடம் வேலை பார்த்த இராஜா மக்கன்லால் என்கிற இந்துப் பண்டிதர்!

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இராமநாதபுரத்துத் திருப்புல்லாணிதான். அங்கே பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது எதைப் பற்றியது? ஒரு பள்ளிவாசலைப் பற்றியது! பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் சோனகர்கள் தொழுத பள்ளிக்குப் பாண்டிய மன்னன் வரியில்லாமல் நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. சோனகர் என்றால் அரபு வணிகர் வழியில் வந்த முஸ்லிம்கள். பள்ளிவாசலின் பத்திரத்தைப் பெருமாள் கோயில் சுவர் எழுநூறு வருஷத்துக்கு மேலாகக் காப்பாற்றி வருகிறது.

யார் முன்னே வந்தவர், யார் பின்னே வந்தவர் என்று ஊருக்கு ஊர் வாய்ச்சண்டை நடக்கிற காலம் இது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கல் காணாமல் போவது சின்ன விஷயமா? சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் நடந்தது

நம்மவர்கள் கப்பலேறிப் போன இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1828-இலிருந்து 1830-க்குள், சோழ மண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. 1974-இல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். கட்டடம் பழுதானபோது இடித்துத் தள்ளவில்லை. பழுது பார்த்து, 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். யார் வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்றெல்லாம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதே ஊரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமே பள்ளிவாசலும், மாரியம்மன் கோயிலும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஒன்றை ஒட்டிய தெருவுக்குப் பெயர் மாஸ்க் ஸ்டிரீட். மற்றதை ஒட்டிய தெருவுக்குப் பெயர் டெம்பிள் ஸ்டிரீட். இரண்டும் தேசியச் சின்னங்கள்தான்.

இப்போது நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் நாகூரின் நகலைப் பார்த்து வளர்ந்த ஒரு குடும்பம், அசலைப் பார்க்க இங்கே வருகிறது. நாகூரில் இறங்குகிறார்கள். பாத்திஹா ஓதுகிறார்கள். அடுத்து எங்கே போவது? திருச்சிக் கல் பள்ளியைக் காட்ட ஆள் இல்லை. காயல்பட்டினத்தில் பழைய அரபு எழுத்து வெட்டிய மீசான் கற்கள் இருக்கின்றன. கீழக்கரையில் பூவேலை செய்த கல்தூண்களோடு பழைய ஜும்மாப் பள்ளி இருக்கிறது. எந்த நேரத்தில் போகலாம், பெண்கள் தொழ இடம் உண்டா, ஒளு செய்யத் தண்ணீர் எங்கே, சாப்பாட்டுக்கு எங்கே போவது? யாரைக் கேட்பது? மற்ற மதத்துக்காரர்களுக்கோ இன்னொரு தயக்கம். "உள்ளே விடுவார்களா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு பலகை போதும், ஐயா! கட்டிய வருஷம், கட்டியவர் பெயர், பார்க்கும் நேரம், பெண்களுக்கு எந்த வழி. நாலு வரி. தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய அம்மாவும் படித்துவிடுவாள். சுற்றுலாத் துறைக்கு இது பெரிய செலவா?

ஆனால் பலகையை விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் திருமழபாடி வேலை.

பழைய பள்ளியை இடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிவாசல் தொழுகிற இடம். பொருட்காட்சி சாலை அல்ல என்று ஜமாஅத்தார் சொன்னால், அது நியாயம்தான். பிள்ளை குட்டி பெருகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குத் தெருவில் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது. ஒழுகுகிற கூரையின் கீழே நின்று மரபைக் காப்பாற்று என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஓடு மாற்றட்டும், மாடி எழுப்பட்டும். ஆனால் கடப்பாரை விழும் முன்னே ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒதுக்கக் கூடாதா?

அந்த ஒரு நாளில் எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுக்கலாம். இன்று கைபேசி இல்லாத வீடு ஏது? கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி, மை தடவிப் படி எடுப்பார்களே, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் தொல்லியல் துறையில் இருக்கிறார்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கல்வெட்டுத் துறை இருக்கிறது. அரபு, பாரசீகக் கல்வெட்டுகளைப் படிப்பதற்கென்றே மத்திய அரசின் கிளை ஒன்று நாகபுரியில் நடக்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய கல்லாக இருந்தால், ஊர் மதரஸாவில் ஓதிய பெரியவர்களே படித்துவிடலாம். படித்ததை ஜமாஅத்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, புதுச் சுவரில் அந்தக் கல்லையே பதித்துவிட வேண்டும். கட்டடத் திட்டம் வக்பு வாரியத்துக்குப் போகும்போது, "கல்வெட்டுப் படி இணைத்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சோழன் ஒரு உத்தரவில் முடித்த காரியம் இது.

கோயில்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "நமக்கு இல்லை" என்று தாளை மடித்துவிட வேண்டாம். கும்பாபிஷேகம் என்ற பெயரில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் பூசிய சுவர்களை நான் எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். மண்ணைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தையே தேய்த்த கூத்தும் உண்டு. இராஜராஜன் வந்து பார்த்தால் என்ன சொல்லுவான்?

வளையல் கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம் கிட்டே வந்துவிட்டது. மாப்பிள்ளை நந்தி வருகிறார் என்று பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியவர் வளையலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக என்னை நிறுத்தினார்.

"இன்னொரு கல்லு இருக்குங்க ஐயா. செருப்பு விடுற எடத்துல, படிக்கல்லாக் கிடக்கு. ஒரு பக்கம் கிறுக்கின மாதிரி எழுத்துத் தெரியும். நாங்க அது மேலேதான் மிதிச்சு ஏறுறோம். அதைப் படம் பிடிச்சா யாருக்கு அனுப்பணும்?"

வளையல் சுற்றிய காகிதத்தின் மிச்சத்தைக் கிழித்து, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம், கல்வெட்டுத் துறை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.