ஆவரேஜ் என்ன மாப்ள?

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில் முதலமைச்சர் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ராசிங்காபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஃபிளெக்ஸ் விட்டால்தானே!

ஃபிளெக்ஸ் என்றாலே எனக்கு ஆகாது என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். காதுகுத்து ஃபிளெக்ஸ் பற்றிப் போன தை மாதம் எழுதியதிலிருந்து ஒரு பங்காளி வீட்டில் எனக்கு இன்னும் காபி கிடையாது. ஆனால் அவர்களாவது விசேஷம் முடிந்த மறுநாள் அவிழ்த்துவிட்டார்கள். இது மே மாதம் ரிசல்ட் வந்தபோது வைத்தது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிய இந்தப் பலகை ஆடியையும் தாண்டி ஆவணிக்கு வந்துவிட்டது. ‘600க்கு 590’ என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. நடுவில் தாளாளர் சிரிக்கிறார். மார்க் வாங்கிய பிள்ளை ஒரு மூலையில், பாஸ்போர்ட் சைஸில்.

இந்த ‘முதலிடம்’ விவகாரத்துக்குத்தான் 2017-லேயே முற்றுப்புள்ளி வைத்தார்களே? அந்த மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில், அன்றைய அமைச்சர் செங்கோட்டையன், மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் எதையும் இனி அறிவிக்கப் போவதில்லை என்றார். அதுவரை ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பரின் முதல் பக்கம் முழுக்க அம்மாக்கள் பிள்ளைகளுக்கு லட்டு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படம் பேப்பரிலிருந்து இறங்கிப் பஸ் ஸ்டாப்பில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

அதையடுத்துத் தொடங்கிய கல்வியாண்டில்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே போட்டு அரைத்தன. அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பழைய 1200 இரண்டு 600-ஆக உடைந்தது. அடுத்த வருடமே, பிளஸ் ஒன் மார்க் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில் வராத தேர்வை ஏழெட்டு வருடம் நடத்தி, இப்போது அதையும் நிறுத்தியாயிற்று. இனி பழைய அரைப்பு திரும்புமா, திரும்பாதா என்று பக்கம் பக்கமாக எழுதக் குறிப்பு வைத்திருந்தேன். மச்சான் கெடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல ஃபிளெக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அது மேக்சிமம். ஆவரேஜ் என்ன மாப்ள? அதைப் போடலையே?” என்றார்.

மச்சானுக்குப் பூப்பாறைக்கு அங்கிட்டு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். ஏலக்காய்க்காரர்கள் பேப்பர் படிக்கும் விதமே வேறு. ஏலம் நடந்த மறுநாள் செய்தியில் எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று வரிசையாக வரும். கீழே இருக்கும் நாம் அதிகபட்சத்தைப் பார்த்து வாயைப் பிளப்போம். தோட்டக்காரன் கண் நேராகச் சராசரிக்குப் போகும். அவன் கைக்கு வரப்போவது ஏறக்குறைய அதுதான்.

2019 ஆகஸ்ட் 3-ம் தேதியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. புற்றடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய்! டிவியில் வந்தது. மதுரையில் இருக்கும் சம்பந்தி மச்சானுக்குப் போன் போட்டு, மகள் நகையைத் திருப்ப இரண்டு லட்சம் கேட்டார். ஏழாயிரம் என்பது ஏதோ ஒரு லாட்டுக்கு விழுந்த விலை என்று சொன்னால் சம்பந்தி நம்புவாரா? அந்த விலை வந்ததற்குக் காரணமே செடியில் காய் இல்லாததுதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலையில் செடிகள் அழுகின. நின்றதும் அடுத்த கோடையில் காய்ந்தது. மச்சானுக்கு அந்த வருடம் தேறிய காயை நான் ஒரே கையில் தூக்கி ஜீப்பில் வைத்தேன். இன்றுவரை சம்பந்தி வீட்டில் மச்சானுக்குக் கஞ்சன் என்று பெயர்.

ஏழாயிரத்தைக் கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? தெரிந்தவன், தெரியாதவன் எல்லாம் கடன் வாங்கிச் செடி வைத்தான். அந்தச் செடிகள் காய்க்கத் தொடங்கி 2022 வந்தபோது கிலோ ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது.

போடியில் மச்சானுக்குத் தெரிந்த கமிஷன் கடை கிடங்குக்குப் போனோம். ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அதைச் சலித்து, எட்டு எம்.எம்.முக்கு மேல், ஏழுக்கு மேல், அதற்குக் கீழே என்று பிரிக்கிறார்கள். சைஸ் மட்டும் போதாது. ஒரு லிட்டர் படியில் கொட்டி நிறுத்துப் பார்க்க வேண்டும். அக்மார்க்கில் முதல் தரமான ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டுக்கு லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும். பெருத்திருந்தும் உள்ளே அரிசி இல்லாத காய் அங்கே மாட்டிக்கொள்ளும். அப்புறம் நிறம். வெடித்தது, வெளுத்தது எல்லாவற்றையும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் கையால் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். ஒரே செடியின் ஒரே சரத்திலிருந்து இத்தனை தரமும் வரும். நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு எடுப்பு. இந்த எடுப்பில் சொத்தையாக வந்த செடி கார்த்திகையில் வேறு மாதிரி காய்க்கும்.

இந்த இடத்தில் பிள்ளைகளை ஏலக்காயாக்கி ஒரு நீதி சொல்லலாம். பள்ளி ஆண்டு விழாக்களில் அப்படி நூறு கேட்டிருக்கிறேன். வேண்டாம்.

ஆனால் மச்சானின் கேள்வி விடவில்லை. நாங்கள் இருவரும் ஒரே செட். 1986-ல் பிளஸ் டூ. எனக்கு 1200க்கு 712. எங்கள் பள்ளி முதல் மார்க் 1043. வாங்கியவன் பேர், இனிஷியல், அன்று அவன் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை வரை எனக்கு நினைவிருக்கிறது. எத்தனை பேர் ஃபெயில் என்று யோசித்துப் பார்த்தேன். பத்தா, இருபதா? ஒன்றும் பிடிபடவில்லை. அதில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“முப்பத்தொண்ணு பேர்” என்றார் மச்சான், நிமிராமல். “கணக்குல மட்டும் பத்தொன்பது. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து கொட்டகுடி ஆத்துல குளிக்கப் போனோம். உனக்குத் தெரியாது, நீ வீட்டுல லட்டு தின்னுக்கிட்டிருந்த.”

712க்கு எங்கள் வீட்டில் லட்டெல்லாம் கிடையாது. சேவும் பூந்தியும்தான். அதைச் சொன்னால் சரியாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து ஸ்டாப்பில் இறங்கியபோது இருட்டிவிட்டது. ஃபிளெக்ஸுக்கு மட்டும் டியூப்லைட் வெளிச்சம். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், மச்சான் பலகையின் அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்.

“ஸ்டோர் கூரை ரெண்டு இடத்துல ஒழுகுது மாப்ள. இதை எப்ப இறக்குவாங்கன்னு அந்த ஸ்கூல்ல கேட்டுச் சொல்லு. பதினாறுக்குப் பத்து இருக்கும், சரியா உக்காரும். தாளாளர் முகத்தைக் கீழ்ப்பக்கமா போட்டுக்குவோம்.”