டொயோட்டாவே மாற்றிக்கொண்ட விதி

எமது வியாபாரிகளின் பிள்ளைகள் பலர் இப்போது முகாமைத்துவம் படிக்கிறார்கள். சந்தோஷமான விடயம். ஆனால் படித்ததை அப்படியே கடைக்குள் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் கடையையே உதாரணமாகச் சொல்கிறேன். அடுத்தவர் கடையைப் பற்றி எழுதி வம்பை விலைக்கு வாங்க நான் தயாரில்லை.

புறக்கோட்டையில் எங்களுக்குக் குழாய்ச் சாமான் வியாபாரம். 2018இல் டிப்ளோமா முடித்து வந்த மகன் ஸ்டோரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். எட்டு மாத வியாபாரத்துக்குப் போதுமான சாமான் கிடந்தது. அதற்கு வங்கி வட்டி வேறு, ஸ்டோர் வாடகை வேறு. டொயோட்டா கம்பனி தேவையானதைத் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டுமே எடுக்கிறது, நாமும் 30 நாள் இருப்புக்கு மேல் வைக்கக் கூடாது என்றான். சம்மதித்தேன். முதல் வருடம் நல்ல மிச்சம். ஸ்டோரில் பாதியைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம்.

வாப்பா காலத்திலிருந்து எங்கள் ஸ்டோரைப் பார்க்கும் நானா ஒருவர் இருக்கிறார். "கொமட்டையும் பேசினையும் குறைச்சாப் பரவாயில்ல மகன், வால்வையும் வாஷரையும் கொஞ்சம் கூட எடுத்து வைங்க" என்றார். மகன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். அதில் 30 என்று இருந்தது. நானும் பேசாமல் இருந்தேன். அது என் பிழை.

2020 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022இல் டொலர் இல்லாமல் எல்.சி. திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. கொமட் வாங்க ஆளில்லை. வீடு கட்டுவதையே பலர் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒழுகும் குழாயைத் திருத்தாமல் இருக்க முடியுமா? வால்வு கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினோம். இரண்டு பொடியன்மாரையும் வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது.

பிறகுதான் டொயோட்டாவின் கதையைச் சரியாக விசாரித்தேன். அந்த முறையை உருவாக்கிய தைச்சி ஓனோ, அமெரிக்க சுப்பர் மார்க்கெட்டுகளில் தட்டு காலியாகக் காலியாகச் சாமான் நிரப்பும் வழக்கத்தைத்தான் கார்த் தொழிற்சாலைக்கு ஏற்றபடி மாற்றி எடுத்தார். ஆக, அது முதலில் எங்களைப் போன்ற கடைக்காரர்களின் புத்திதான்! டொயோட்டாவுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களில் பலர் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். லொறி ஒரே நாளில் பல தடவை வந்து போகும். எங்கள் சாமானோ சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. இந்த வித்தியாசத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை.

2011 மார்ச்சில் ஜப்பானில் பூமியதிர்ச்சி வந்து பாகங்கள் கிடைக்காமல் போனபோது டொயோட்டா தன் விதியையே தளர்த்தியது. கார்களுக்கான சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்குப் போதுமான அளவு இருப்பில் வைக்கும்படி, அவற்றைக் கொடுப்பவர்களிடம் சொன்னது. எல்லாப் பாகங்களுக்கும் அல்ல, தட்டுப்பட்டால் உடனே கிடைக்காதவற்றுக்கு மட்டும். 2021இன் ஆரம்பத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து மற்றக் கம்பனிகள் வேலையை நிறுத்தியபோது டொயோட்டா மேலும் பல மாதங்கள் தாக்குப் பிடித்தது. செப்டெம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு "பார்த்தீர்களா, பழைய முறையே நல்லது" என்று சில முதலாளிமார் சொல்லக்கூடும். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எட்டு மாதச் சாமானை ஏன் வைத்திருந்தோம் என்று கேட்டிருந்தால் வாப்பா வைத்தார், நானும் வைத்தேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இருந்திருக்காது. மகனாவது ஒரு காரணம் சொன்னான்.

இப்போது பேசினும் கொமட்டும் ஒரு மாதத்துக்குத்தான் எடுக்கிறோம். வால்வும் வாஷரும் ஐந்து மாதத்துக்கு. அவை ஒரு மூலைக்குள் அடங்கும், பெரிய காசும் முடங்காது. ஓர்டர் போடும் நாளில் நானாவும் மேசையில் உட்காருகிறார். சுவரில் இன்னும் தாள் இருக்கிறது. கணக்கை மட்டும் மகன் பென்சிலால் எழுதுகிறான். நிறுத்திய பொடியன்மாரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். வாப்பா காலத்திலிருந்து எங்களிடம் எடுத்த குருநாகல் வாடிக்கையாளர் மட்டும் இன்னும் வரவில்லை.