அலைக்கு மாத்திரை இல்லை

எதிர்வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வந்ததிலிருந்து தலை கனக்கிறது, இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்பவர்கள் நம் ஊர்களில் பலர் உண்டு. வீட்டு வைஃபையை அணைத்தால்தான் நிம்மதி என்பவர்களும் உண்டு. இவர்கள் நடிக்கவில்லை. இந்த அறிகுறிகள் உண்மையானவை, ஒருவரை முடக்கிப்போடும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே 2005-இல் வெளியிட்ட குறிப்பில் ஒப்புக்கொண்டது. அதே குறிப்பு, இந்த அறிகுறிகளை மின்காந்த அலைகளோடு தொடர்புபடுத்த அறிவியல் அடிப்படை இல்லை என்றும் சொன்னது.

இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஒரு வியாபாரம் நுழைந்துவிட்டது. 'மின்காந்த ஒவ்வாமை' உள்ளவர்களுக்கு என்று மக்னீசியம், மெலட்டோனின், குளூட்டாதையோன், துத்தநாகம், வைட்டமின் சி, கோஎன்சைம் க்யூ10 எனச் சத்து மாத்திரைகளின் வரிசை நீள்கிறது. காலையில் எத்தனை, படுக்கப்போகும்போது எத்தனை என்று அட்டவணையும் போட்டுக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேர்பிடித்த பழக்கம் இது. ஆனால் எந்த நாட்டு டப்பாவையும் வீட்டிலிருந்தபடியே வரவழைக்கும் காலத்தில், அது அங்கேயே நின்றுவிடும் என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நிலைப்பாடு இதுதான்: அலைகளின் பாதிப்பைத் தடுக்கும், தணிக்கும் என்று சொல்லி எந்தச் சத்து மாத்திரையையும் விற்க விடக்கூடாது. அந்த மாத்திரையைத் தேடி ஒரு நோயாளி ஏன் போனார் என்ற கேள்விக்கு மருத்துவத் துறையும் பதில் சொல்லியாக வேண்டும்.

விற்பவர்கள் தரும் விளக்கம் படித்தவர்களையும் நம்பவைக்கும். அலை பட்டதும் செல்லின் மென்சவ்வில் உள்ள கால்சியம் வாயில்கள் திறந்துகொள்கின்றன, கால்சியம் உள்ளே பாய்ந்து ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது, மக்னீசியம் வாயிலை அடைக்கும், வைட்டமின்கள் மிச்சத்தைச் சரிசெய்யும் என்கிறார்கள். கால்சியம் வாயில்கள் உடலில் இருப்பது உண்மை. மக்னீசியம் கால்சியத்தோடு போட்டியிடுவது மருத்துவப் பாடத்திலேயே உள்ளது. ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கற்பனை அல்ல. இல்லாதது ஒன்றுதான்: அன்றாடம் நம்மைச் சுற்றி இருக்கும் அளவு செல்போன் அலையோ வைஃபை அலையோ இந்தத் தலைவலியைக் கொடுத்தது என்பதற்கான சான்று. அது இல்லாதபோது, அதன்மேல் அடுக்கிய மற்றதெல்லாம் நிற்க இடமில்லாமல் போகிறது.

சான்றை யாரும் தேடவில்லை என்று சொல்ல முடியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட சோதனையில், செல்போன் தங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்ன 60 பேரும், அப்படி எந்தத் தொல்லையும் இல்லாத 60 பேரும் கலந்துகொண்டார்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு கருவி. ஒரு தடவை அதிலிருந்து செல்போன் அலை வரும், இன்னொரு தடவை எதுவுமே வராது. எப்போது எது என்று உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, குறிப்பெடுப்பவருக்கும் தெரியாது. ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர்களில், அலை வந்தபோது 'வருகிறது' என்றவர்கள் 60 சதவீதம். எதுவுமே வராதபோது 'வருகிறது' என்றவர்கள் 63 சதவீதம். தலைவலி இரண்டு முறையும் வந்தது. அலையே வெளிவராத கருவியின் முன்னால் உட்கார்ந்தபோதும் சிலருக்குக் கடுமையான தொல்லை ஏற்பட்டது. 2010-இல் இதுபோன்ற 46 சோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 1,175 பேரின் முடிவுகளை, ஒருசேர ஆராய்ந்தார்கள். அப்போதும் அலைதான் காரணம் என்று காட்டும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இதைக் காட்டி 'எல்லாம் மனப்பிரமை' என்று முடித்துக்கொள்பவர்கள் அந்த ஆய்வுகளைத் தவறாகப் படிக்கிறார்கள். தீங்கு வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் உடலில் இதயத் துடிப்பு மாறும், தசை இறுகும், வயிறு கலங்கும், தூக்கம் கெடும். அதில் எழும் வலி அசல் வலி. 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 147 பேரில் ஒரு பகுதியினருக்கு வைஃபையின் ஆபத்தைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் காட்டப்பட்டது, மற்றவர்களுக்கு வேறு படம். பிறகு எல்லோருக்கும் வைஃபை அலை பாய்ச்சுவதாகச் சொல்லி, எதையுமே பாய்ச்சாமல் 15 நிமிடம் உட்காரவைத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஓர் அறிகுறி தெரிந்ததாகச் சொன்னார்கள். இயல்பிலேயே பதற்றம் அதிகமுள்ளவர்களிடம், ஆபத்துப் படத்தைப் பார்த்த பிறகு அறிகுறிகள் கூடின. பயமுறுத்தும் விளம்பரம் ஒவ்வொன்றும் நோயாளியை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. மாத்திரையை விற்பதற்காகப் பயத்தை ஊட்டுகிறார்கள், அந்தப் பயமே அடுத்த தலைவலியைக் கொண்டுவருகிறது.

மாத்திரைகளையே நேரடியாகச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. சுவீடனில் மின்சாரக் கருவிகள் தங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றவர்களுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பு வைட்டமின்களைக் கொடுத்து, சத்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. வைட்டமினால் பலன் கூடியதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். அதைப் பொய்யாக்கும் பெரிய ஆய்வை நடத்திக் காட்டும் பொறுப்பு, மாத்திரையைக் காசுக்கு விற்பவர்களுடையது.

'எனக்குக் குணம் தெரிந்தது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதையும் நம்பலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தவருக்குத் தலைவலி, களைப்பு, படபடப்பு, எதிலும் கவனம் நிற்காமை எல்லாம் வரும். பி12 குறைந்தால் கை கால் மதமதப்பும் மறதியும் வரும். தைராய்டு சுரப்பு கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும், குறைந்தால் சோர்வு. அலையின் பேரில் சொல்லப்படும் அறிகுறிகளோடு இவை வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. அப்படிப்பட்ட ஒருவர் இரும்பும் பி12-ம் கலந்த மாத்திரையைச் சாப்பிட்டால் உடல் தேறத்தான் செய்யும். தேறியது ரத்தம், பெயர் 'கதிர்வீச்சுப் பாதுகாப்பு'க்குப் போகிறது. இதைவிட வேதனை, தன் குறைக்குச் சம்பந்தமில்லாத மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டபடி, உள்ளே ரத்தம் குறைந்துகொண்டே போவது தெரியாமல் மாதங்களைக் கடத்துபவரின் நிலை. அதிக ரத்தப்போக்கோ குடற்புண்ணோ அந்தச் சோகைக்குக் காரணமாக இருந்தால், இழந்த ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும்.

'வெறும் வைட்டமின்தானே, என்ன கெடுதல்' என்ற வாதத்தை ஏற்க முடியாது. வைட்டமின் பி6-ஐ எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் பாதுகாப்பான உச்ச அளவை 25 மில்லிகிராமிலிருந்து 12 ஆகக் குறைத்தது. நெடுநாள் அதிக அளவில் உட்கொண்டால் கை கால் நரம்புகள் கெட்டுப்போகும் என்பதே காரணம். முதலில் விரல் நுனிகளில் சுருக் சுருக்கென்று குத்தும், பிறகு பாதம் எரியும், மரத்துப்போகும். டவருக்குப் பயந்து மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு இது வந்தால் அவர் எதைச் சந்தேகிப்பார்? டவரைத்தான். மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டுவார். மாத்திரை உண்டாக்கிய நோய்க்கு அதே மாத்திரையை மருந்தாக்கும் இந்தச் சுழலில் ஒருவரைத் தள்ளிவிடுவது கொடுமை.

முடி வளர என்று பல சத்து மாத்திரைகளில் சேர்க்கப்படும் பயோட்டின், அதிக அளவில் சாப்பிடுபவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையே பிறழவைக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. அப்படிப் பிறழக்கூடியவற்றில் தைராய்டு சோதனையும் ஒன்று. உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்கும் கதவையே மாத்திரை சாத்திவிடுகிறது. வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதித்தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனைக்கு வருபவர்கள் நம் நாட்டில் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் உடலில் தங்கிவிடும்.

டப்பாவின் மேல் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதி. அந்த வரி ஆங்கிலத்தில், பெரும்பாலும் பொடி எழுத்தில், காலாவதித் தேதிக்கும் தயாரிப்பு முகவரிக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும். வாங்குபவரின் கண்ணில் படுவது முன்பக்கத்துக் கேடயப் படம்தான். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப்பொருளுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என 2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. 'குணப்படுத்தும்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'செல்களுக்குத் துணைநிற்கும்' என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். அலை, கதிர்வீச்சு, டவர், 5ஜி ஆகியவற்றைக் குறிப்பிட்டு எந்தச் சத்துப் பொருளுக்கும் உரிமை கோரக்கூடாது என்று ஆணையம் வெளிப்படையாகவே உத்தரவிட வேண்டும். எச்சரிக்கை வரி விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும், முன்பக்கத்திலும் இருக்க வேண்டும்.

அரசு இதில் தானே தடுமாறிய வரலாறும் இருக்கிறது. 2020 அக்டோபரில், மத்திய அரசு அமைத்த ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று சொல்லிப் பசுஞ்சாணத்தில் செய்த சில்லை அறிமுகப்படுத்தினார். பொறுப்பான இடத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால், நாளை ஒரு மாத்திரைக்காரரை எந்த முகத்தோடு தடுப்பது? நெதர்லாந்து நடந்துகொண்ட விதம் வேறு. 5ஜி-யிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பதக்கங்களையும் வளையல்களையும் அந்நாட்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் சோதித்தது. அவற்றில் சில தாமே அயனியாக்கும் கதிர்வீச்சை உமிழ்வது தெரியவந்ததும், பத்துப் பொருள்களை அணியக்கூடாது என்று பெயர் சொல்லி எச்சரித்தது, விற்பனையையும் தடை செய்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் செல்போன் அலையைப் 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் வைத்ததே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வகைப்பாடு நெடுங்காலப் புற்றுநோய் வாய்ப்பைப் பற்றியது, தலைவலியையும் மதமதப்பையும் பற்றியதல்ல. அந்த ஆராய்ச்சி தொடரட்டும், தொடரவும் வேண்டும். நாளை அலையால் ஒரு தீங்கு நிரூபிக்கப்பட்டாலும் அதற்கான பதில் டவரின் அளவைக் கட்டுப்படுத்துவதில்தான் இருக்கும், குடிமகன் தன் காசில் விழுங்கும் மாத்திரையில் அல்ல. இந்தியா 2012 செப்டம்பரிலேயே டவர் அலைக்கான வரம்பைச் சர்வதேச அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 2017 முதல் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் நம் பகுதி டவர்களின் விவரத்தைப் பார்க்கலாம், கட்டணம் கட்டினால் நேரில் வந்து அளக்கவும் கேட்கலாம். டவர் நிற்கும் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? புகார் கொடுத்த வீட்டில் இலவசமாக அளந்து, அளவைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தால் பாதிப் பயம் தீரும். வரம்பு மீறியிருந்தால் டவர்காரர் பதில் சொல்லட்டும்.

இனி மருத்துவர்கள். 'ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கீங்க' என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவைக்கப்படும் பெண், அடுத்து யாரிடம் போவார்? அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாத்திரை விற்பவரிடம்தான். இந்த அறிகுறிகளுக்கு ஓரளவேனும் பலன் தரும் என்று இதுவரையிலான ஆய்வுகள் காட்டுவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பயிற்சி தரும் உளவியல் சிகிச்சை. அதையும் 'உங்களுக்கு மூளைக் கோளாறு' என்ற தொனியில் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். முதலில் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாவற்றையும் பார்த்து, குறை இருந்தால் அதற்குரிய மருந்தைத் தேவையான அளவுக்கு, தேவையான காலத்துக்கு எழுதித்தர வேண்டும். சத்து மாத்திரைக்கு உரிய இடம் அதுதான். 'டவர் வந்ததிலிருந்து' என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மாநில சுகாதாரத் துறை ஒரு பக்கத்தில் வழிகாட்டுதல் எழுதி அனுப்பட்டும். வீட்டில் சாப்பிடும் எல்லா டப்பாக்களையும் அடுத்த தடவை பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.