பஸ் ஜன்னலுக்கு வெளியே பேசியவர்கள்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கும். எங்கள் வாயிற்கூட்டம் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் நடக்கும். ஒருவர் மைக் பிடிப்பார், நாலு பேர் நோட்டீஸ் நீட்டுவார்கள். பெண்கள் அதற்குள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று போகிற பஸ்கள். அதை விட்டால் வீடு போய்ச் சேர நடு ராத்திரி ஆகிவிடும். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் அறிக்கையில் "பெண்கள் உட்படத் திரளான தொழிலாளர்கள் கலந்துகொண்டனர்" என்று எழுதுவோம். பல வருடங்கள் இப்படித்தான் எழுதினோம்.

இந்த வட்டாரத்தில் சங்க வேலை செய்கிற ஆண்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எந்தச் சங்கம், எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு கொடி நிறத்துக்குப் போய்விடும். இதில் உள்ள தவறு எங்களுடையது.

"பெண்கள் சங்கத்துக்கு வரமாட்டார்கள்." எங்கள் செயற்குழுவில் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம் இதுதான். பயப்படுவார்கள், வீட்டில் விடமாட்டார்கள், கல்யாணம் ஆனதும் போய்விடுவார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சேர்ப்போம். சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊருக்கு வருகிற சாலையை இரண்டு பக்கமும் பெண்கள் மறித்தார்கள். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியதை எதிர்த்து, பெங்களூர் கார்மெண்ட்ஸ் பெண்கள் பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பெரிய சங்கமும் அழைத்து வந்த கூட்டம் இல்லை அது. தடியடி நடந்தது. இரண்டாவது நாளே, ஏப்ரல் 19ஆம் தேதி, அரசு விதியைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் தோழிகள் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். அங்கே சங்கமே கிடையாது. அந்த நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரி வழியாக எங்கள் கேட் வரைக்கும் வருகிறது. ஒரு முனையில் அவர்கள், மறுமுனையில் இவர்கள், நடுவில் உட்கார்ந்து நாங்கள் "வரமாட்டார்கள்" என்று தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தோம்.

மூணாறு 2015 இன்னும் கசப்பானது. போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்துத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் "பெம்பிளை ஒருமை" என்று திரண்டு ஒன்பது நாள் சாலையில் இருந்தார்கள். நிர்வாகத்தின் மீது இருந்த அதே கோபம் சங்கத் தலைவர்கள் மீதும் இருந்தது. சங்க அலுவலகங்களைத் தாக்கினார்கள், தலைவர்களை விரட்டினார்கள். கடைசியில் 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாக இருபது சதவீதம் வாங்கினார்கள். செய்தியைப் படித்துவிட்டு எங்களில் ஒருவர், "அது கேரளா விஷயம், தோழர்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினோம்.

பிறகு அது எங்கள் வாசலுக்கே வந்தது. 2025 நவம்பர் தொடக்கத்தில், உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில், மின்னணு ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் வெளியே வந்து போராடினார்கள். எங்கள் வாட்ஸப் குழுவிலும் செய்தி வந்தது. யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தோம். கூப்பிட ஒரு நம்பர் இல்லை. அத்தனை ஆயிரம் பெண் தொழிலாளர்கள் இருக்கிற இடத்தில் ஒரே ஒரு பெண்ணின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மறுநாள் கண்டன அறிக்கை மட்டும் விட்டோம்.

ஏன் தெரியாது என்று பிறகு யோசித்தோம். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே வந்தபோது எங்கள் மனதில் பதிந்த தொழிலாளி ஒருவர்தான்: ஐடிஐ முடித்த ஆண், நிரந்தர வேலை, ஊருக்குள் வாடகை வீடு. சங்கத்தின் விதிகளை அவரை வைத்தே எழுதினோம். ஊர் மாறிவிட்டது. பர்கூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் பெண்கள். போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையை 10,000 பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக 2021இல் ஓலா அறிவித்தது. ராஞ்சியிலிருந்தும் ஹசாரிபாக்கிலிருந்தும் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூருக்கு வேலைக்கு வருகிறார்கள் என்று 2022இல் மத்திய அமைச்சரே மேடையில் சொன்னார். எங்கள் விதிப்புத்தகத்தில் மட்டும் "நிரந்தரத் தொழிலாளி உறுப்பினராகலாம்" என்ற வரி அப்படியே இருந்தது. டிரெய்னி, காண்ட்ராக்ட், ஃபிக்ஸட் டெர்ம் என்று பெண்களை எடுத்தது நிர்வாகம். அந்தப் பெயர்களைக் காரணம் காட்டி அவர்களை வெளியே நிறுத்தியது நாங்கள். அப்படி நிறுத்தச் சொல்லி எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

நோட்டீஸ் தமிழில் அடிப்போம். அத்திப்பள்ளிப் பக்கத்துத் தோழர்களுக்காகக் கன்னடத்திலும் அடிப்போம். ஒடியாவிலோ இந்தியிலோ ஒரு வரி அடித்ததில்லை. செயற்குழு ராத்திரி எட்டரைக்கு, டீக்கடை மாடியில். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இருக்கிறதா என்று அப்போது எங்களில் யாரும் பார்த்ததும் இல்லை.

குழந்தைகள் காப்பகம் பற்றி எழுதக் கை கூசுகிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்று அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு சொன்னது. சட்டப்படி சேர வேண்டியதையே கோரிக்கைச் சாசனத்தில் இருபதாவது, இருபத்தோராவது இடத்தில் எழுதினோம். தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவுப்படி நடக்கும் பேச்சுவார்த்தையில் நிர்வாகம் "நீங்களும் கொஞ்சம் இறங்கி வாங்க" என்று கேட்கும்போது இறங்குவதற்காகவே அதை வைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் முதலில் விட்டது அதுதான். பதிலுக்குச் சம்பளத்தில் ஒரு சின்னத் தொகை ஏறியது. ஒப்பந்தம் கையெழுத்தான அன்று வெடி வெடித்து லட்டு கொடுத்தோம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் ஜன்னல் வழியாகக் கொடுத்தோம்.

இன்னொன்றை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் எல்லாமே பொய்யாகிவிடும். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருபது வயதிருக்கும், ஒருநாள் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். லைனில் ஒருவர் தொடர்ந்து தொந்தரவு செய்வதாகச் சொன்னாள். அவர் எங்கள் உறுப்பினர், வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர். "பொறுத்துக்கோம்மா, நாங்க கூப்பிட்டுப் பேசிக்கிறோம்" என்றோம். "உங்க ஆளுன்னுதாண்ணா உங்ககிட்ட வந்தேன்" என்றாள். பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைக்குள் புகார்க்குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். மேடையில் பேசியிருக்கிறோம். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சங்கம் பலவீனப்படும், நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ளும் என்று நினைத்தோம். அவரைக் கூப்பிட்டுப் பேசினோம், அவர் சிரித்தார், விஷயம் முடிந்தது என்று எழுந்தோம். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். எங்கள் மாவட்டத்தில் வேலைக்குப் போகிறாள் என்பதாலேயே கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகிற பெண்கள் உண்டு. மலைக்கிராமங்களில் சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் ஓயவில்லை. வேலை போன சில வாரத்தில் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்களில் யாரும் போகவில்லை. தொந்தரவு செய்தவரோ இன்றும் எங்கள் உறுப்பினர்.

வழி தெரியாமல் செய்த தவறும் இல்லை இது. அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை 1920இல் முன்னின்று உருவாக்கியவர் அனசூயா சாராபாய், ஒரு பெண். உழைக்கும் பெண்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைப்புக் குழுவைச் சிஐடியு சென்னையில் அமைத்தது 1979இல். 2016இல் சிஐடியுவின் அகில இந்தியத் தலைவராகவே ஹேமலதா வந்தார். திண்டுக்கல்லில் தலித் பெண்கள் தலைமை ஏற்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. தங்கள் உறுப்பினரான ஓர் இளம்பெண்ணை 2021 ஜனவரியில் அவளுடைய மேற்பார்வையாளரே கொன்ற பிறகு, அவர்கள் கண்டன அறிக்கையோடு நிற்கவில்லை. ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டுத் துணி நிறுவனத்தையும் இழுத்து வந்து 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட வைத்தார்கள். அதன்படி இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் என்று லைனுக்குள்ளேயே கண்காணிக்கப் பெண்கள் வந்தார்கள், சங்கமே பயிற்சி கொடுத்தவர்கள். ஓசூரிலிருந்து திண்டுக்கல் ஒரு பகல் பயணம். ஒருமுறை போய்க் கேட்டிருக்கலாம்.

புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை எதிர்த்துத் தெருவில் நிற்கிறோம், நிற்போம். ஆனால் 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பில்கூட, குறைதீர்ப்புக் குழுவில் பெண்களின் பங்கு ஆலையில் அவர்கள் விகிதத்துக்குக் குறையக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மார்ச் 8 அன்று கோலப்போட்டி வைத்தோம். மேடையில் ஒரு பெண்ணுக்கு நன்றியுரை கொடுத்தோம். பொருளாளர் பொறுப்பைக் கொடுக்கவில்லை, பேச்சுவார்த்தை மேஜையில் நாற்காலி கொடுக்கவில்லை.

இப்போது "நிரந்தர" என்ற சொல்லை விதியிலிருந்து எடுக்கத் தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிகள் இருக்கும் பக்கமே போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த சாசனத்தில் காப்பகம் முதல் கோரிக்கை. அஞ்செட்டிப் பெண் சொன்ன புகாரை, தாமதமானாலும், பெண்கள் மட்டுமே உள்ள குழு விசாரிக்கும். அதில் நாங்கள் சாட்சிகளாக மட்டுமே இருப்போம். செயற்குழுவில் எங்களில் நான்கு பேர் பதவி விலகுகிறோம். இவையெல்லாம் நடந்த பிறகு பேசுகிற தகுதி வரலாம். இன்று கிடையாது.

ஜூஜூவாடியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் பர்கூரிலும் சங்கம் நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உறுப்பினர் பதிவேட்டை இன்றே எடுங்கள். பெண் பெயர்களை எண்ணுங்கள். அந்த எண்ணையும், உங்கள் ஆலையில் வேலை செய்கிற பெண்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கேட்டில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.