தலையெழுத்தா, கையெழுத்தா?

யாராவது வழுக்கி விழுந்தால் நம் ஜனங்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "அடி பலமா?" என்று கேட்பதில்லை. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்றுதான் கேட்கிறார்கள். விழுந்தவர் ஏதோ பொழுது போகாமல் தம் இடுப்பெலும்பைத் தாமே முறித்துக்கொண்ட மாதிரி! நானும் அப்படிக் கேட்டவன்தான். சொந்த அத்தையிடமே கேட்டேன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. பெயர் வேண்டாம், அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெரிய கடையின் பெயரை வைத்தாலும் கதை மாறாது. தீபாவளிக்கு முந்திய வாரம். அத்தை 1,800 ரூபாய்க்கு ஒரு நூல் புடவை எடுத்துப் பணம் கட்டினாள். பில்லைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள். முகம் பார்க்கலாம் போல் மின்னிய தரை. மேலே ஏ.சி. இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 64 வயசு உடம்பு. விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

கடைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நாற்காலி வந்தது, சோடா வந்தது, மேனேஜரும் வந்தார். "அம்மா கொஞ்சம் பார்த்து வந்திருக்கலாம்" என்றார். அதையே நானும் அத்தையிடம் சொன்னேன். புடவை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் என் காதருகே வந்து, "காலையிலேருந்தே சொட்டுதுங்க சார், மூணு தடவை சொல்லிட்டோம்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துபோனாள். அவளுக்கும் வயிறு இருக்கிறதல்லவா?

கடைக் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கைச்செலவுக்கு 10,000 ரூபாய் கொடுத்தார்கள். கூடவே ஒரு காகிதம் வந்தது: "எங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது. கடையின் மேல் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை." கதைகளில் பாத்திரங்களைத் தர்மாவேசமாகப் பேச வைக்கிற நான், ஒரு வார்த்தை பேசாமல் அதில் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனுக்கும் மற்றதற்கும் 3 லட்சத்துக்கு மேல் ஆயிற்று. அத்தை இன்றும் நடைச்சட்டம் இல்லாமல் நடக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் விசாரித்தேன். நான் வக்கீல் இல்லை. கல்லூரியை இரண்டு வருஷம் எட்டிப் பார்த்தவன். எனக்கே புரிகிற அளவுக்கு விஷயம் எளிமையாக இருந்ததுதான் என் வெட்கத்தை அதிகமாக்கியது.

'வா' என்று அழைத்தவன் வருகிறவனின் காலுக்குப் பொறுப்பு. இதுதான் சாராம்சம். இங்கிலாந்தில் ஒரு சர்க்கரை ஆலைக்கு வேலையாக வந்த கேஸ் தொழிலாளி, தடுப்பில்லாத ஒரு திறப்பின் வழியே கீழே விழுந்தார். வியாபார காரியமாக வருகிறவருக்குத் தன் இடத்தில் உள்ள அபாயம் நேராமல் உடையவன் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று அந்த வழக்கில் 1866-ல் நிலைநாட்டினார்கள். 1957-ல் அங்கே இதற்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. கவனக்குறைவு பற்றிய பொதுவான தத்துவத்தை வைத்துத்தான் சிவில் கோர்ட்டில் வழக்காட வேண்டும்.

இன்னொரு வழக்கு என் தூக்கத்தையே கெடுத்தது. 1974-ல் இங்கிலாந்தில் டெஸ்கோ என்ற பெரிய கடையில் ஒரு பெண்மணி தரையில் சிந்திக் கிடந்த தயிரில் வழுக்கி விழுந்தார். அது எப்போது சிந்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. யாரால்தான் முடியும்? மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது தரையில் பழரசம் கொட்டிக் கிடந்ததைக் கண்டார். கால் மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தார். துடைக்க ஒருவரும் வரவில்லை. 1976-ல் மேல்கோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் சொன்ன தீர்ப்பு இது: தரையைக் கவனிக்க வேண்டியது கடை, ஆகவே தன் மேல் தப்பில்லை என்று கடைதான் விளக்க வேண்டும். கிடைத்த நஷ்டஈடு 137 பவுன் சில்லறைதான். ஆனால் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது, பாருங்கள்! அங்கே கடையைக் கேட்டார்கள். இங்கே நாம் அத்தையைக் கேட்டோம்.

நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. 1986-ல் வந்து, 2019-ல் புதுப்பிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமும் இல்லை. சிவில் வழக்குத்தான் போட வேண்டுமானால், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது.

ஓட்டைகளும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே விழுந்திருந்தால், "இந்த அம்மாள் எதுவுமே வாங்கவில்லையே, இவர் எப்படி நுகர்வோர்?" என்று கடையின் வக்கீல் கேட்பார். பத்தடி முன்னால் விழுந்தால் ஒரு நியாயம், பில் போட்ட பிறகு விழுந்தால் வேறு நியாயமா? அத்தை பில்லோடு விழுந்தாள். அவ்வளவு சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்குமா?

சாட்சியத்துக்கு எங்கே போவது? காமிரா கடையுடையது. அதில் பதிந்த படம் கொஞ்ச நாளில் தானாகவே அழிந்துபோகும். சொட்டியதைப் பார்த்த பெண் கடைச் சம்பளம் வாங்குகிறவள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "வழுக்கி விழுந்தார்." எங்கே, எதில் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டுகிறார்களே, அதைக் கண்டும் நாம் மிரண்டுவிடுகிறோம். டில்லி ஹோட்டல் ஒன்றில் சிப்பந்தியிடம் ஒப்படைத்த கார் திருட்டுப் போன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்துவிட்டால் மட்டும் ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் சொல்லிவிட்டது. ஒரு காருக்குக் கிடைத்த நியாயத்தை ஒரு காலுக்குக் கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

"எல்லோரும் வழக்குப் போட ஆரம்பித்தால் வியாபாரம் நடக்குமா?" என்று கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நடக்கும், ஐயா. விழுந்தவர் மேலும் தப்பு இருந்தால் அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும். கோர்ட்டுக்கு அந்தக் கணக்கும் தெரியும். உங்கள் பட்டுப் புடவைகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுக்கிறீர்கள். வந்து போகிறவர்களுக்கு நேரும் காயத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. புடவை கருகினால் நஷ்டம், கிழவியின் எலும்பு முறிந்தால் விதி என்பது எந்த ஊர் வியாபார தர்மம்?

ஆகவே கேட்கிறேன். கடைக்குள் ஒருவர் விழுந்தால், தரை ஏன் அப்படி இருந்தது என்று கடைதான் பதில் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டிலும் வெளிப்படையாகச் சட்டம் வரட்டும். பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே அழைக்கப்பட்டவர் எல்லோருக்கும் அது பொருந்தட்டும். விபத்து நடந்த நேரத்துக் காமிராப் படத்தைப் பாதுகாப்பது கடையின் கடமையாகட்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது: அங்கேயே படம் எடுங்கள். பில்லை விடாதீர்கள். காமிராப் பதிவை அழிக்கக் கூடாது என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். டாக்டரிடம் எங்கே, எதில் விழுந்தார் என்று சொல்லி எழுத வையுங்கள். நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் போட்ட கையெழுத்து அத்தையைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல் நண்பர் சொன்னார். அவள் என்னிடம் எந்த அதிகாரமும் கொடுக்கவில்லையே! ஆனால் புகார் கொடுக்க இரண்டு வருஷம்தான் கெடு. நான் விசாரிக்கப் போனபோது இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகியிருந்தன. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. என்னிடம் என்ன காரணம் இருக்கிறது? சோம்பலும் சங்கோசமும் தகுந்த காரணங்களா?

"விடுடா, எல்லாம் என் தலையெழுத்து" என்கிறாள் அத்தை. தலையெழுத்து இல்லை, அத்தை. அது என் கையெழுத்து. இதைப் படிக்கிறவர்களாவது அந்த இடத்தில் பேனாவை மூடிவைக்கட்டும்.