ஒரே நாளில் தெளியாத தண்ணீர்

பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று பசறைக்குத் திரும்பிய பின், வீட்டின் பின்புறத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினேன். பீலித் தண்ணீர் நிரப்பித் தங்கமீன்கள் விட்டேன். மூன்றாம் வாரமே தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லித் தலையங்கம் எழுதியவருக்குத் தொட்டித் தண்ணீரைத் தெளியவைக்கத் தெரியவில்லையே என்று வீட்டில் கேலி!

அவசரப்பட்டேன். தொட்டியை முற்றாக இறைத்து, சுவரில் வழுவழுப்பாகப் படிந்திருந்ததைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டேன். கண்ணாடிபோல் தெளிந்தது. நான்காம் நாளிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. பின்னர் பச்சையும் திரும்பி வந்தது.

காரணம் பின்னரே விளங்கிற்று. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. சுவரிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அந்த நைத்திரேற்றையும் பொசுபரசையும் கொண்டு வெயிலில் பெருகுவதே பாசி. அழுக்கென்று நான் தேய்த்தெறிந்தது மீன்களின் காவலர்களை!

துத்தம் போட்டால் பாசி அழிந்துவிடும் என்றார் நண்பர் ஒருவர். செம்பு மீனையும் கொல்லும். போதாக்குறைக்கு, ஒருசேரச் செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகும். ஆகவே வேறு வழியை நாடினேன். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீனியைக் குறைத்தேன். வாரத்துக்கு ஐந்திலொரு பங்கு தண்ணீரை மாத்திரம் மாற்றினேன். ஆம்பல் வைத்துப் பாதித் தொட்டிக்கு நிழல் கொடுத்தேன். தண்ணீர் தெளிய இரண்டு மாதங்கள் சென்றன.

தொட்டியருகே அமர்ந்திருக்கும்போது எனக்கு 2021ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. நோக்கத்தை நான் பழிக்கவில்லை. அளவுக்கு மிஞ்சிய உரம் மழையோடு ஓடையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை என் தொட்டியே காட்டியது. கழிவும் வண்டலும் சேரச்சேர, 1999இல் கண்டி ஏரியே நீலப்பச்சைப் பாசியால் மூடிக்கொண்டதையும் கண்டோம். ஆனால் பல தலைமுறைகளாக உரத்துக்குப் பழகிய தேயிலைச் செடியிடமிருந்து அதை ஒரே நாளில் பறித்தது, தொட்டியை இறைத்த என் மடமைக்கு ஒப்பானதே. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. எனினும் உரத்தின் தட்டுப்பாடும் விலையேற்றமும் தொடர்ந்தன. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. கொழுந்து குறைந்தபோது அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதை லயங்களில் வாழ்வோர் அறிவர்.

உரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, ஆண்டுக்குச் சிறிதாக, செடிக்கு மாற்று உணவு கொடுத்தபடியே குறைக்க வேண்டும். ஓடைக்கரையில் உரமிடாத ஒரு பட்டியையும் விட்டுவைக்க வேண்டும். அந்த ஓடைநீரைக் குடிப்பவர்களும், அதே மலையில் கொழுந்து பறிப்பவர்களும் ஒரே மக்கள்தாம். அவர்களுக்குத் தெளிந்த தண்ணீரும் வேண்டும், கூலியும் வேண்டும்.

என் மடமைக்குச் சில மீன்கள் பலியாகின. அரசாங்கத்தின் அவசரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?